கெஜத்தை ஹேண்டாகவும் ஹேண்டைக் கெஜமாகவும் மாற்றும் முறை: ஒரு முழுமையான வழிகாட்டி

ஹேண்ட் என்பது குதிரையின் உயரத்தை அளக்கும் அலகு; ஒரு கெஜத்துக்கு ஒன்பது ஹேண்ட். இந்த வழிகாட்டியில் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த ஒரு வரி மட்டுமே. புடவைக் கடையில் ‘ஒன்பது கெஜம்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஒன்பது மறந்துபோகவும் வாய்ப்பில்லை. இருந்தும் குதிரைகளின் உயரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள் அடிக்கடி தவறிவிடுகிறார்கள். பெருக்கலும் வகுத்தலும் சரியாகவே இருக்கும், 15.2 என்ற எண்ணின் நடுவில் நிற்கும் புள்ளியைத் தசமப் புள்ளி என்று நினைத்துவிடுவதுதான் விடையைக் கெடுக்கும். அந்தப் புள்ளியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவருக்கு எஞ்சியது ஆரம்பப் பள்ளிக் கணக்கு. ஆகவே இக்கட்டுரை வாய்பாட்டைவிட அந்தப் புள்ளிக்கே அதிக இடம் ஒதுக்குகிறது.

ஹேண்ட் என்பது எந்தக் கை?

ஹேண்ட் என்ற சொல்லுக்குத் தமிழில் ‘கை’ என்று எழுதிவிடலாம். ஆனால் அவ்வாறு எழுதினால் குழப்பம் வரும். நம் நாட்டில் கையால் அளப்பது என்றால் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளப்பதையே பெரும்பாலும் குறிக்கும். தமிழில் முழம் என்றும், வடமொழியில் ஹஸ்தம் என்றும், இந்தியில் ஹாத் என்றும் வழங்குவது அந்த நீளம்தான். அது ஏறக்குறைய 18 அங்குலம், அதாவது அரைக் கெஜம். ஆங்கிலேயர்கள் குதிரைக்குப் பயன்படுத்தும் ஹேண்டோ உள்ளங்கையின் அகலம்: நான்கு விரல்களையும் சேர்த்து வைத்து, பக்கத்தில் கட்டைவிரலையும் ஒட்டி வைத்தால் வரும் குறுக்களவு. அது 4 அங்குலம். கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரல்களை மட்டும் கணக்கில் கொண்டால் அது பாம் என்னும் வேறோர் அளவு. அதற்கு 3 அங்குலம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்தால் வருவது சாண். அதற்கு 9 அங்குலம் என்று கொள்வது வழக்கம்.

எனவே ஒரு கெஜத்தில் இரண்டு முழமும், நான்கு சாணும், ஒன்பது ஹேண்டும், பன்னிரண்டு பாமும் அடங்கும். ‘கை’ என்ற ஒரே சொல்லால் இவற்றில் எதைக் குறித்தாலும், படிப்பவர் இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் விடை ஆறு மடங்குவரை பிசகும். இந்தக் காரணத்தால் இக்கட்டுரையில் ஹேண்ட் என்ற சொல்லையே அப்படியே கையாள்கிறேன். குதிரை வளர்ப்பவர்களின் பேச்சிலும் அதுதான் புழக்கத்தில் உள்ளது.

இந்த 4 அங்குலம் எப்போது நிலைபெற்றது என்பதற்குச் சட்ட ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தை ஆண்ட எட்டாம் ஹென்றி, போருக்குத் தகுதியான பெரிய குதிரைகள் நாட்டில் குறைந்துவருவதாகக் கவலைப்பட்டு, குதிரை இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைக் கொண்டுவந்தார். 1540ஆம் ஆண்டை ஒட்டி வந்த சட்டம், பல மாவட்டங்களின் பொது மேய்ச்சல் நிலங்களில் 15 ஹேண்டுக்குக் குறைந்த பொலிகுதிரைகளை விடக்கூடாது என்று தடுத்தது. தடை விதித்தால் அளக்க வேண்டும்; அளந்தால் யாருடைய கை என்ற கேள்வி வரும். கையின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ஹேண்ட் என்றால் 4 அங்குலம் என்று சட்டமே முடிவு கட்டிவிட்டது.

கெஜத்தின் மதிப்பு

கெஜம் என்று நாம் இன்று சொல்வதும் ஆங்கிலத்தின் யார்டு என்பதும் ஒன்றே. இலங்கைத் தமிழில் அதனை யார் என்பார்கள். 3 அடி, 36 அங்குலம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் 1959இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு யார்டு மிகச் சரியாக 0.9144 மீட்டர். அதிலிருந்து ஓர் அங்குலம் மிகச் சரியாக 2.54 சென்டிமீட்டர் என்றும், ஒரு ஹேண்ட் மிகச் சரியாக 10.16 சென்டிமீட்டர் என்றும் வருகின்றன. இவற்றில் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லுக்கு இடமில்லை.

பழைய ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கெஜம் என்ற சொல்லின் மூலமான கஸ் என்னும் பாரசீக அளவு இடத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது; வங்காளத்தில் 36 அங்குலமாகவும், சென்னையில் 33 அங்குலமாகவும், பம்பாயில் 27 அங்குலமாகவும் அது வழங்கியதாகப் பழைய அளவைக் கணக்குகள் கூறுகின்றன. நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய உள்நாட்டு ஆவணத்தில் கெஜம் என்று கண்டவுடன் ஒன்பதால் பெருக்கிவிடாமல், அது எந்தக் கெஜம் என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இனி இக்கட்டுரையில் கெஜம் என்றால் 36 அங்குலம்தான்.

புள்ளியைப் படிக்கும் முறை

குதிரையின் உயரத்தை 15.2 என்று எழுதினால் அதன் பொருள் ‘பதினைந்து ஹேண்ட், அதற்கு மேல் இரண்டு அங்குலம்’ என்பதாகும். பதினைந்தும் பத்தில் இரண்டு பங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆங்கிலம் பேசும் குதிரைக்காரர்கள் இதனை வாய்விட்டுச் சொல்லும்போது ‘பாயின்ட்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘பதினைந்து இரண்டு’ என்று இரண்டு எண்களாகவே சொல்வார்கள். மணி ஆறு இருபது என்று நாம் சொல்வதைப் போல. எண்ணுக்குப் பின்னால் ‘எச்.எச்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது ‘இத்தனை ஹேண்ட் உயரம்’ என்பதன் சுருக்கம்.

ஒரு ஹேண்டுக்கு நான்கு அங்குலம் என்பதால் புள்ளிக்குப் பின் 0, 1, 2, 3 ஆகிய நான்கு இலக்கங்களே வர முடியும். 15.3க்கு அடுத்தது 16.0; 15.4 என்று ஓர் உயரம் இந்த எழுத்துமுறையில் கிடையாது. இதிலிருந்து ஒரு பயனுள்ள சோதனை கிடைக்கிறது. உங்களிடம் வந்த பட்டியலில் புள்ளிக்குப் பின் 4 முதல் 9 வரையிலான இலக்கம் எங்காவது ஓரிடத்தில் இருந்தாலும், அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் தசம முறையில் எழுதியிருக்கிறார், அல்லது இரண்டு முறைகளையும் கலந்துவிட்டார் என்று சந்தேகிக்க வேண்டும். எல்லா வரிகளிலும் 0 முதல் 3 வரை மட்டுமே இருந்தால் அது குதிரைக்காரர்களின் எழுத்துமுறை என்று நம்பலாம். இருபது, முப்பது வரிகள் உள்ள பட்டியலில் தற்செயலாக அப்படி அமைவது அரிது.

அரை அங்குலமும் கால் அங்குலமும் வரும்போது 15.2½ என்று பின்னமாக எழுதுவார்கள். இதைக் கணினியில் 15.25 என்று தட்டிவிட்டால் ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் வந்துவிடும். பதினைந்து ஹேண்டும் இரண்டரை அங்குலமும் என்று ஒருவர் படிப்பார். பதினைந்தேகால் ஹேண்ட், அதாவது 15 ஹேண்டும் ஓர் அங்குலமும், என்று இன்னொருவர் படிப்பார். இரண்டுக்கும் ஒன்றரை அங்குலம் வேறுபாடு.

ஹேண்டிலிருந்து கெஜத்துக்கு

முதல் படி, புள்ளிக்கு முன்னுள்ள எண்ணை நான்கால் பெருக்குவது. இரண்டாம் படி, புள்ளிக்குப் பின்னுள்ள அங்குலத்தை அதனுடன் கூட்டுவது. மூன்றாம் படி, கிடைத்த மொத்த அங்குலத்தை 36ஆல் வகுப்பது. நேரடியாக ஒன்பதால் வகுக்கலாமே என்று தோன்றும். முழு ஹேண்டாக இருந்தால் வகுக்கலாம், அங்குலம் ஒட்டிக்கொண்டிருந்தால் கூடாது. அங்குலத்தின் வழியாகச் சுற்றிப் போவதே பாதுகாப்பான வழி. ஒரு படி கூடுதலானாலும் புள்ளி உங்களை ஏமாற்ற முடியாது.

15.2 ஹேண்டை எடுத்துக்கொள்வோம். பதினைந்தை நான்கால் பெருக்க 60. இரண்டைக் கூட்ட 62 அங்குலம். 62ஐ 36ஆல் வகுத்தால் 1.722 கெஜம். புள்ளியைத் தசமமாகப் படித்து 15.2ஐ ஒன்பதால் வகுத்திருந்தால் 1.689 என்று வந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் அண்டை வீட்டுக்காரர்களைப் போலத் தோன்றினாலும், இடையே 1.2 அங்குலம், அதாவது மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல், இடைவெளி இருக்கிறது. போட்டிக்குத் தகுதி உண்டா இல்லையா என்பது ஒரு சென்டிமீட்டரில் முடிவாகும் துறையில் மூன்று சென்டிமீட்டர் என்பது பெரிய தொகை.

அமெரிக்கப் பந்தயக் குதிரைகளில் பெரும்புகழ் பெற்ற செக்ரடேரியட்டின் உயரம் பொதுவாக 16.2 ஹேண்ட் என்று சொல்லப்படும். பதினாறை நான்கால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் 66 அங்குலம். 36ஆல் வகுத்தால் 1.833 கெஜம். இதையே தசமம் இல்லாமல் சொல்வதானால், 66இலிருந்து ஒரு கெஜத்துக்கான 36ஐக் கழிக்க மீதி 30. அதில் இரண்டு அடியும் ஆறு அங்குலமும் அடங்கும். ஆக ஒரு கெஜம், இரண்டு அடி, ஆறு அங்குலம். எனக்கு இந்த இரண்டாவது வடிவமே பிடிக்கும். ஒன்பதால் வகுக்கும் கணக்கில் தசமங்கள் முடிவில்லாமல் நீளும் என்பதால் எங்காவது வெட்டியாக வேண்டும். கெஜம், அடி, அங்குலம் என்று பிரித்து எழுதினால் வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

பின்னம் வந்தாலும் முறை மாறாது. 1846இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் பிறந்த சாம்சன் என்ற ஷயர் இனக் குதிரை, பதிவானவற்றுள் மிக உயரமானது என்று கருதப்படுகிறது. அதன் உயரம் 21.2½ ஹேண்ட். இருபத்தொன்றை நான்கால் பெருக்க 84. இரண்டரையைக் கூட்ட 86.5 அங்குலம், கெஜத்தில் 2.403. சென்டிமீட்டரில் 219.7. முதுகின் உயரமே இவ்வளவு. தலை அதற்கும் மேலே.

கெஜத்திலிருந்து ஹேண்டுக்கு

திரும்பி வரும் பாதை சற்று வழுக்கும். கெஜத்தை 36ஆல் பெருக்கி அங்குலமாக்குங்கள். அதை நான்கால் வகுத்து, ஈவை ஹேண்டாகவும் மீதியை அங்குலமாகவும் எழுதுங்கள். மீதி என்பது மீதியாகவே நிற்க வேண்டும்; கால்குலேட்டர் அதனைத் தசமமாக மாற்றிக் காட்டினால் அதை அப்படியே எடுத்து எழுதக்கூடாது.

1.7 கெஜம் என்ற அளவு இந்த இடறலை நன்றாகக் காட்டும். அதை ஒன்பதால் பெருக்கினால் கால்குலேட்டரில் 15.3 என்று தெரியும். அது கணக்குப்படி சரியான விடை; ஆனால் அதை அப்படியே குதிரையின் பதிவேட்டில் எழுதினால் தவறு. ஏனெனில் பதிவேட்டில் 15.3 என்பது 15 ஹேண்ட் 3 அங்குலம், அதாவது 63 அங்குலம், அதாவது ஒன்றே முக்கால் கெஜம். நாம் தொடங்கியதோ 61.2 அங்குலத்தில். சரியாக எழுதுவதானால் தசமப் பகுதியான 0.3ஐ மட்டும் நான்கால் பெருக்க வேண்டும், 1.2 அங்குலம் கிடைக்கும். ஆக 15 ஹேண்டும் 1.2 அங்குலமும், அருகிலுள்ள முழு அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் 15.1. ஒரே இலக்கங்கள், ஒரே புள்ளி, இரண்டு உயரங்கள். இணையத்தில் கிடைக்கும் அலகு மாற்றிகள் பல இந்தத் தசம விடையைத்தான் தருகின்றன. அவற்றின் மேல் குற்றம் சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்கு அவை சரியான விடையையே தருகின்றன.

இன்னொரு சிறு கண்ணி, அங்குலத்தை முழுமைப்படுத்தும்போது வரும். 1.777 கெஜத்தை ஒன்பதால் பெருக்கினால் 15.993 ஹேண்ட், தசமப் பகுதியை நான்கால் பெருக்கினால் 3.97 அங்குலம். முழுமைப்படுத்தினால் 4 அங்குலம். இப்போது 15.4 என்று எழுத முடியாது. நான்கு அங்குலம் ஒரு ஹேண்டாகிவிடுவதால் 16.0 என்று எழுத வேண்டும். கடிகாரத்தில் 59 நிமிடத்துக்கு அடுத்து 60 நிமிடம் என்று நாம் எழுதுவதில்லை அல்லவா, அதே ஒழுங்குதான். கணினியில் சூத்திரம் எழுதுபவர்கள் முதலில் மொத்த அங்குலத்தை முழுமைப்படுத்திவிட்டுப் பின்பு நான்கால் வகுத்தால் இந்தக் கண்ணியில் சிக்க மாட்டார்கள்.

கால் கெஜ ஏணி

மனக்கணக்காகவே முடித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஓர் எளிய ஏணி இருக்கிறது. கால் கெஜம் என்பது 9 அங்குலம். அது குதிரை எழுத்துமுறையில் 2.1. அரைக் கெஜம் 4.2, முக்கால் கெஜம் 6.3, ஒரு கெஜம் 9.0. அங்கிருந்து அதே நடையில் ஏறினால் ஒன்றேகால் கெஜம் 11.1, ஒன்றரைக் கெஜம் 13.2, ஒன்றே முக்கால் கெஜம் 15.3, இரண்டு கெஜம் 18.0. முழு எண்ணுக்குப் பின் 1, 2, 3, 0 என்று இலக்கங்கள் சுழன்று வருவதைக் கவனித்தால் ஏணி தானாகவே நினைவில் நின்றுவிடும்.

சாணை 9 அங்குலமாகவும் முழத்தை 18 அங்குலமாகவும் கொள்ளும் நமக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரு சாண். இரண்டிரண்டு படிகள் ஒரு முழம். ஒரு குதிரை ஏழு சாண் உயரம் என்று யாரேனும் கையால் அளந்து சொன்னால், ஏழாவது படியைப் பார்த்து 15.3 என்று உடனே சொல்லிவிடலாம். அளந்தவரின் கை பெரிதா சிறிதா என்பது வேறு விஷயம். எட்டாம் ஹென்றியின் அதிகாரிகளுக்கும் அதே தலைவலி இருந்தது.

பெரும்பாலான சவாரிக் குதிரைகள் 13.2க்கும் 18.0க்கும் இடையே, அதாவது ஒன்றரைக் கெஜத்துக்கும் இரண்டு கெஜத்துக்கும் இடையே அடங்கிவிடும். எனவே உங்கள் விடை இந்த எல்லைக்கு வெளியே போனால், அது மட்டக்குதிரையோ பாரக்குதிரையோ அல்ல என்று தெரிந்திருக்கும் பட்சத்தில், கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

தசமம் எத்தனை இலக்கம் வரை?

கெஜத்தில் எழுதும்போது ஒரே ஒரு தசம இலக்கத்தோடு நிறுத்தினால் பிழை 1.8 அங்குலம் வரை போகலாம்; அது கிட்டத்தட்ட அரை ஹேண்ட் என்பதால் அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. இரண்டு இலக்கம் எழுதினால் பிழை 0.18 அங்குலத்தைத் தாண்டாது. முழு அங்குலத்தையும் அரை அங்குலத்தையும் அதிலிருந்து மீட்டெடுக்கலாம். கால் அங்குலம் வரை நுணுக்கம் தேவையென்றால் மூன்று இலக்கம் வேண்டும். அதற்கு மேல் எழுதுவது வீண். மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு விலங்கின் உயரத்தில் கெஜத்தின் நாலாவது தசமத்தைத் தேடுவதில் பொருளில்லை.

கூட்டலும் சராசரியும்

இரண்டு உயரங்களைக் கழிக்கவோ, பல உயரங்களின் சராசரியைக் காணவோ வேண்டுமானால், எல்லாவற்றையும் முதலில் அங்குலமாக்கிவிட வேண்டும். 16.1க்கும் 14.3க்கும் உள்ள வேறுபாடு என்ன? தசமமாகக் கழித்தால் 1.8 என்று வரும். அப்படி ஓர் அளவே இல்லை. அங்குலத்தில் 65இலிருந்து 59ஐக் கழித்தால் 6, அது 1.2, அதாவது ஒரு ஹேண்டும் இரண்டு அங்குலமும், கெஜத்தில் ஆறில் ஒரு பங்கு. அதேபோல் 14.3, 15.2 ஆகிய இரண்டின் சராசரியைத் தசமமாகப் போட்டால் 14.75 வரும், சரியான விடை 60½ அங்குலம், அதாவது 15.0½.

விரிதாளில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: உயரத்தை ஒரே கட்டத்தில் 15.2 என்று எழுதாதீர்கள். ஹேண்டுக்கு ஒரு பத்தி, அங்குலத்துக்கு ஒரு பத்தி என்று பிரியுங்கள். மூன்றாவது பத்தியில் மொத்த அங்குலமும் நான்காவதில் கெஜமும் தானாக வரும்படி சூத்திரம் அமையுங்கள். ஏற்கெனவே ஒரே கட்டத்தில் எழுதப்பட்ட பட்டியல் வந்து சேர்ந்தால், முழு எண் பகுதியை நான்கால் பெருக்கி, தசமப் பகுதியைப் பத்தால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் மொத்த அங்குலம் கிடைக்கும். நானே ஒருமுறை நாற்பது வரிகள் கொண்ட ஒரு பட்டியலை இந்த எச்சரிக்கை இல்லாமல் ஒன்பதால் வகுத்து அனுப்பிவிட்டேன். 16.0 என்றிருந்த குதிரைகள் மட்டும் சரியாக இருந்ததால் சரிபார்த்தவரும் முதலில் கண்டுபிடிக்கவில்லை. அவர் சரிபார்ப்பதற்கு எடுத்துக்கொண்டது முழு ஹேண்ட் வரிகளை மட்டுமே. அன்றிலிருந்து சரிபார்க்கும்போது புள்ளிக்குப் பின் 3 உள்ள வரியைத்தான் முதலில் பார்க்கிறேன், ஏனென்றால் பிழை அங்குதான் பெரிதாகத் தெரியும்.

அளக்கும் இடத்தில்

மாற்றுவதற்கு முன் அளவு சரியாக இருக்க வேண்டும். குதிரையின் உயரம் என்பது தரையிலிருந்து தலை வரை அல்ல. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், தோள்பட்டைகளுக்கு நடுவே எலும்பு மேடாக உயர்ந்திருக்கும் இடம் வரை. தலையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அதை அளவாகக் கொள்ள முடியாது. குதிரை சமமான, கெட்டியான தரையில் நான்கு கால்களிலும் எடை சமமாக விழும்படி நிற்க வேண்டும். தலை இயல்பான நிலையில் இருக்க வேண்டும். நேராக நிறுத்திய கோலில் குறுக்குச் சட்டத்தை இறக்கி, அந்த மேட்டின் உச்சியில் தொடவிட்டு, சட்டம் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் கொண்டு பார்த்துப் படிக்க வேண்டும்.

தையற்கடை நாடாவால் அளக்க முயல்பவர்கள் இரண்டு சிக்கல்களைச் சந்திப்பார்கள். நாடாவைத் தோளின் வளைவோடு படியவிட்டால் நேர் உயரத்தைவிட அதிகமாகக் காட்டும். அதோடு, வழக்கமான தையல் நாடா 60 அங்குலம். அது மிகச் சரியாக 15 ஹேண்டில், ஒன்றே முக்கால் கெஜத்துக்கு மூன்று அங்குலம் முன்பாகவே, தீர்ந்துபோகும். சவாரிக் குதிரைகளில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் தொடங்குகிறது. ஆகவே இரும்பு நாடாவை நேராக நிறுத்தி, தட்டையான பலகை ஒன்றைக் குறுக்காக வைத்து அளப்பது மேல்.

ஹேண்ட் என்பது குதிரை, மட்டக்குதிரை, கழுதை போன்றவற்றின் உயரத்துக்கு மட்டும் உரிய அளவு. குதிரை ஓடும் தூரத்துக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. அங்கே கெஜம் ஆட்சி செய்கிறது. அமெரிக்காவின் குவார்ட்டர் குதிரை இனம் கால் மைல் ஓட்டத்தால் பெயர் பெற்றது. அந்தத் தூரம் 440 கெஜம். பிரிட்டனில் பந்தயத் தூரங்களை மைல், பர்லாங்கு, கெஜம் என்றே எழுதுகிறார்கள். ஒரு பர்லாங்கு 220 கெஜம், எட்டு பர்லாங்கு ஒரு மைல். போலோ மைதானத்தின் உச்ச நீளம் 300 கெஜம். கோல் கம்பங்களுக்கு இடையே 8 கெஜம். தண்டனை அடிகளும் 30, 40, 60 கெஜத் தூரத்திலிருந்து அடிக்கப்படுகின்றன. இன்றைய போலோவை ஆங்கிலேயர்கள் கற்றுக்கொண்டது மணிப்பூரிடமிருந்து. 1859இல் சில்சாரில் அவர்கள் தொடங்கிய சங்கத்தின் காலத்தில் அந்த ஆட்டத்துக்கு உகந்ததாக இருந்த மணிப்பூர் மட்டக்குதிரையின் உயரம் ஏறக்குறைய 11 முதல் 13 ஹேண்ட், அதாவது 1.22 முதல் 1.44 கெஜம்.

இரண்டு அலகுகளும் உண்மையிலேயே சந்திக்கும் ஓர் இடம் உண்டென்றால் அது பந்தய முடிவில் சொல்லப்படும் ‘லெங்த்’ என்னும் குதிரை நீளம்தான். அதைத் தோராயமாக 8 அடி என்று கொள்வது வழக்கம். அது 24 ஹேண்ட், இரண்டேமுக்காலுக்குச் சற்றுக் குறைந்த 2⅔ கெஜம். 1973இல் பெல்மான்ட் பந்தயத்தின் ஒன்றரை மைலை, அதாவது 2,640 கெஜத்தை, 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்த செக்ரடேரியட், அடுத்த குதிரையை 31 நீளம் பின்னால் விட்டிருந்தது. 31ஐ 24ஆல் பெருக்கினால் 744 ஹேண்ட். ஒன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 83 கெஜம். முழு ஹேண்டாக இருப்பதால் இங்கு நேரடியாக ஒன்பதால் வகுக்கலாம், சுற்றுவழி தேவையில்லை.

சென்டிமீட்டர் குறுக்கே வந்தால்

ஐரோப்பிய நாடுகளின் ஆவணங்களில் குதிரையின் உயரம் சென்டிமீட்டரில் இருக்கும். அதை 2.54ஆல் வகுத்து அங்குலமாக்கிவிட்டால் மேலே சொன்ன படிகளே போதும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு மட்டக்குதிரைக்கு விதித்திருக்கும் எல்லை, லாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டர், லாடத்துடன் 149. ஆங்கிலேயர்களின் பழைய எல்லையோ 14.2 ஹேண்ட், அது 58 அங்குலம், 147.32 சென்டிமீட்டர், 1.611 கெஜம். 148 சென்டிமீட்டரை அங்குலமாக்கினால் 58.27, அதாவது 14.2க்கு மேல் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், கெஜத்தில் 1.619. கெஜத்தை இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஒன்று 1.61 என்றும் மற்றொன்று 1.62 என்றும் வரும். ஆகவே எல்லைக்கு அருகில் நிற்கும் மட்டக்குதிரையின் அளவை ஹேண்டிலிருந்தும் கெஜத்திலிருந்தும் மாற்றி எழுதாமல், கோலில் படித்த சென்டிமீட்டரையே பதிவு செய்துவிட்டு, மற்ற இரண்டையும் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.